பதவி முடியும் எம்.எல்.ஏ.க்கள்: சென்னைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தேர்தல் நெருங்கும்போது யார் ஜெயிப்பார் என்ற பேச்சுதான் எங்கும். பதவி முடிந்து போகிறவர்கள் விட்டுப்போகும் வேலை என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. சட்டமன்ற நடைமுறைகளைப் பல வருடமாகக் கவனித்து வருகிறவன் என்பதால், அது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: தேர்தல் தேதி அறிவித்த அன்றே எங்கள் எம்.எல்.ஏ. 'முன்னாள்' ஆகிவிடுவாரா?

இல்லை. சட்டமன்றத்தின் ஆயுள், முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து 5 ஆண்டு என்கிறது அரசியலமைப்பின் 172ஆவது பிரிவு. தமிழ்நாட்டின் 16ஆவது சட்டமன்றம் 2021 மே 11 அன்று கூடியது. கொரோனா நேரம் என்பதால் கோட்டையில் இல்லை, கலைவாணர் அரங்கத்தில். அந்தக் கணக்கில் அதன் முழுக் காலம் 2026 மே 10 வரை. 5 ஆண்டு முடியும் முன்பே ஆளுநர் அவையைக் கலைத்தால் அன்றோடு முடியும். தேர்தல் நடத்தை விதி வந்ததும் பதவி போவதில்லை, புதிதாக எதையும் அறிவிக்க முடியாது, அவ்வளவுதான்.

வியாசர்பாடியிலிருந்து: ரேஷன் கடைக் கட்டடத்துக்கு எம்.எல்.ஏ. நிதியில் பூமி பூஜை போட்டார்கள். இன்னும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. பணம் போய்விடுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், வருத்தமும் இதில்தான். நடத்தை விதி இருக்கும்வரை கணக்கு இப்படி: வேலை தளத்தில் நிஜமாகவே தொடங்கியிருந்தால் தொடரலாம். முடிந்த வேலைக்கு, அதிகாரிகள் திருப்தி அடைந்தால், பணம் கொடுக்கலாம். பணி ஆணை கொடுத்தும் வேலை தொடங்கவில்லை என்றால் தேர்தல் முடியும்வரை தொட முடியாது. பூஜை போட்டதை வேலை தொடங்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலர் நினைப்பதுபோல அந்தப் பணம் எம்.எல்.ஏ.வின் கையில் இல்லை. அவர் பரிந்துரைப்பார், அதிகாரிகள் செலவழிப்பார்கள். ஆகவே எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நடப்பதை நிறுத்திவிட்டு, மாநகராட்சியில் உங்கள் வார்டு உதவிப் பொறியாளரிடம் போங்கள். நிர்வாக அனுமதி ஆணை வந்ததா, அதன் எண் என்ன, தேதி என்ன, டெண்டர் விட்டாயிற்றா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஆணை எண் கையில் இருந்தால் அடுத்து வரும் எம்.எல்.ஏ.விடம் "இது எங்கே நிற்கிறது?" என்று கேட்கலாம். எண் இல்லாமல் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மயிலாப்பூரிலிருந்து: ஆளுநரிடம் கிடக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்தோடு சேர்ந்து காலாவதி ஆகிவிடுமா?

அவையில் நிறைவேறாமல் கிடப்பவை காலாவதி ஆகும், 196ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நிறைவேறி ஒப்புதலுக்குப் போனவை ஆகாது. கேரள நிலச் சீர்திருத்த மசோதா வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 நவம்பர் 18 சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றிய 10 மசோதாக்களில் இரண்டு, முந்தைய சட்டமன்றம் 2020இல் நிறைவேற்றியவை. ஆட்சியே மாறியும் அவை உயிரோடு இருந்தன. 2025 ஏப்ரல் 8 அன்று அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து: கடைசி நேரத்தில் ராஜினாமா செய்து கட்சி மாறுகிறார்களே, அந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல் கிடையாதா?

காலி இடத்தை 6 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது பொது விதி. ஆனால் காலியான இடத்துக்கு மிச்சமுள்ள காலம் ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் செங்கோட்டையன் 2025 நவம்பரில் விலகியது இந்தக் கணக்கில்தான் வரும். ராஜினாமா செய்யாமல் மாறினால் கட்சித் தாவல் சட்டம் பாயும் என்பதால்தான் முதலில் கடிதம் கொடுக்கிறார்கள்.

எம்.எல்.ஏ. இல்லாத தொகுதி எப்படி இருக்கும் என்று உங்கள் ஆர்.கே.நகருக்குத் தெரியாததா? 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடா புகாரில் ரத்தானது. டிசம்பர் 21இல்தான் ஓட்டுப் போட்டீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் உங்களுக்காக அவையில் எழுந்து பேச ஆளில்லை. யாரோ பணம் கொடுத்ததற்கு அத்தனை வாக்காளர்களும் விலை கொடுத்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அண்ணா நகரிலிருந்து: சபாநாயகரும் அன்றே போய்விடுவாரா?

மாட்டார். அவை கலைந்தாலும், புதிய சட்டமன்றத்தின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை அவர்தான் சபாநாயகர்.

சைதாப்பேட்டையிலிருந்து: பழைய எம்.எல்.ஏ.வே மறுபடி நின்றால் அவரை எப்படி எடைபோடுவது?

படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். போன தேர்தலில் கொடுத்ததையும் இப்போது கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 5 வருட வருமானம், மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள சொத்து, கடன், வழக்குகள், எல்லாம் வரிசையாக இருக்கும். அரசுக் குடியிருப்பில் இருந்தவர் என்றால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்றும் அதில் சொல்லியாக வேண்டும். சொத்து கூடியதைப் பார்த்த உடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள். நிலத்தின் சந்தை விலை ஏறியதா, புதிதாக வாங்கினாரா என்பது வேறு வேறு விஷயம். வாங்கிய தேதியும் விலையும் அந்தப் பத்திரத்திலேயே இருக்கும்.

கொளத்தூரிலிருந்து: மழைநீர் வடிகாலுக்காக எங்கள் குடியிருப்போர் சங்கம் எம்.எல்.ஏ.விடம் கொடுத்த மனு, அடுத்தவரிடம் போகுமா?

தானாகப் போகும் என்று நம்பாதீர்கள். எம்.எல்.ஏ. அதைத் துறைக்கு அனுப்பியிருந்தால், துறையின் கோப்பில்தான் அதற்கு உயிர். அனுப்பிய கடிதத்தின் நகலை அவர் பதவியில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அனுப்பவில்லை என்று தெரிந்தால், அதே மனுவை 1100க்கு அழைத்தோ 'முதல்வரின் முகவரி' தளத்திலோ உங்கள் பெயரில் பதிந்து மனு எண் வாங்குங்கள். அவர் அவையில் வடிகால் பற்றிக் கேள்வி கேட்டு அமைச்சர் பதில் சொல்லியிருந்தால், அந்தத் தேதியைக் கண்டுபிடித்துப் புது மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். புதிய எம்.எல்.ஏ. பதவியேற்ற முதல் வாரமே மனு எண்ணோடு போய் நின்றால்தான் அதற்குள் வேலை நடக்க வழி உண்டு.