சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் நேரடி விமானத்துக்குத் தூரம் 15,300 கி.மீ. என்கிறார்கள் சிலர், 16,000-க்கு மேல் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: இரண்டும் சரி. முதலாவது பூமியின் மேல் மிகக் குறுகிய வழி. இரண்டாவது, விமானம் பறந்து தீர்க்கிற வழி.

குறுகிய வழியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 74 டிகிரி மேற்கு. கூட்டினால் 178. உலக உருண்டையில் அநேகமாக எதிரெதிர்ப் பக்கம் என்பதால், குறுக்கு வழி சைபீரியாவைக் கடந்து வடதுருவத்தை ஒட்டியே போயாக வேண்டும். அட்சரேகைப்படி சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4, மொத்தம் 138. டிகிரிக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள்: சுமார் 15,345. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்த விடை வராது.

விமானிகள் அந்த வழியை அப்படியே பிடிப்பதில்லை. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அது முதுகில் தள்ளினால் ஆயிரம் கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். ஆகவே போகும்போது பெரும்பாலும் வட பசிபிக் வழி; திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டு பயணமும் கிழக்கு நோக்கியே! போய்த் திரும்பியவர் பூமியை ஒரு முறை சுற்றிவிடுகிறார்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் குறுகிய வழிக்கே 17 மணி நேரம். சுற்றுவழி, ஏற்றம், இறக்கம், ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஏறத்தாழ பதினெட்டே முக்கால். இதற்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கை 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

கேள்வி: திங்கள் இரவு 10-க்கு நியூயார்க்கில் ஏறினால் புதன் காலை 5.40-க்கு சிங்கப்பூர் என்று டிக்கெட்டில் இருக்கிறது. முப்பத்தொரு மணி நேரமா?

பதில்: இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கடிகாரப்படி வித்தியாசம் 31 மணி 40 நிமிடம். சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னே இருப்பதால் அதைக் கழியுங்கள்: 18 மணி 40 நிமிடம். இது குளிர்காலக் கணக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்வதால் 12 கழித்தால் போதும். போகும் பயணத்தில் இதே எண்ணைக் கூட்ட வேண்டும். அடுத்த விமானம் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது தேதியை; இங்கே இரண்டு நாள் தள்ளிப் போகிறது.

இன்சுலின் போடுபவர்கள் ஊர்க் கடிகாரத்தை நம்ப வேண்டாம். எத்தனை மணி நேர இடைவெளியில் எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, மருந்தைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் வேண்டாம்.