தடித்த எழுத்தில் வந்தால் நோயா?

கேள்வி: எனக்கு 44 வயது, அம்மாவுக்கு 74. போன வாரம் இருவரும் ஒரே லேபில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டோம். என் ரிப்போர்ட்டில் நான்கு எண்கள் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன: டிஎஸ்ஹெச் 5.2, பொட்டாசியம் 5.3, பிலிருபின் 1.5, எம்பிவி 12.1. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அம்மாவின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தே இல்லை. கிரியாட்டினின் 1.1, ஹீமோகுளோபின் 12.2 என்று எல்லாமே நார்மல் ரேஞ்சுக்குள்தான். போன வருடம் அவருடைய ஹீமோகுளோபின் 13.8. பிரஷர் மாத்திரையும், மூட்டு வலிக்கு மெடிக்கலில் அவ்வப்போது வாங்கிப் போடும் மாத்திரையும் தவிர அவர் வேறு எதுவும் சாப்பிடுவதில்லை. நான் எந்த டாக்டரைப் பார்ப்பது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: முதலில் அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் நான்கு எண்களில் அவசரமானது ஒன்றும் இல்லை. இந்த இரண்டு ரிப்போர்ட்டுகளில் என்னை யோசிக்க வைத்தது அம்மாவுடையதுதான். ஏன் என்று புரிய, அந்த ரேஞ்ச் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். குறைந்தது 120 பேராவது வேண்டும் என்பது பொதுவான விதி. வரும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, அடியில் இரண்டரை சதவீதத்தையும் உச்சியில் இரண்டரை சதவீதத்தையும் ஒதுக்கிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் 95 சதவீதம்தான் ரிப்போர்ட்டில் அச்சாகும் ரேஞ்ச். ஒதுக்கப்பட்ட ஐந்து சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரு வகுப்பில் எல்லாரையும்விட உயரமான பையனுக்கு நோய் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

ஒரு பரிசோதனையில் இது சின்ன விஷயம். ஆனால் மாஸ்டர் செக்கப்பில் அறுபது, எழுபது எண்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தாலே, நோயே இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டி வரும் வாய்ப்பு 64 சதவீதம். பெரிய பேக்கேஜ் எடுத்து, தடித்த எழுத்து ஒன்றுகூட வராமல் போனால்தான் ஆச்சரியம். அதனால்தான் 1969-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த கிராஸ்பெக், சாரிஸ் என்ற இருவர், ‘நார்மல்’ என்ற சொல்லே ஆளைக் குழப்புகிறது, ‘ரெஃபரன்ஸ்’, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு, என்று சொல்வோம் என்றார்கள். இன்று நம் ஊர் ரிப்போர்ட்டுகளிலும் ‘பயாலஜிக்கல் ரெஃபரன்ஸ் இன்டர்வல்’ என்றுதான் அச்சாகிறது. நாம்தான் இன்னும் நார்மல் என்று படிக்கிறோம்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம்.

எம்பிவி என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) சராசரி அளவு. தட்டணு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் இதை விட்டுவிடலாம். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் சில மணி நேரம் இருந்தாலே தட்டணுக்கள் கொஞ்சம் உப்பும், எம்பிவி ஏறும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் சாம்பிள்களில் இது சகஜம்.

பிலிருபின் என்பது பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறக் கழிவு. உங்கள் 1.5-இல், ‘இன்டைரக்ட்’ என்று எழுதிய பகுதிதான் கூடுதலா என்று பாருங்கள். அதோடு கல்லீரல் பரிசோதனைகளான எஸ்ஜிபிடி, ஏஎல்பி, பிறகு ஹீமோகுளோபின் மூன்றும் சரியாக இருந்தால், கில்பர்ட் என்று சொல்லப்படும் பிறவி அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது கல்லீரலைக் கெடுக்காது, மருந்தும் வேண்டாம். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் இருந்தால் இவர்களுக்கு பிலிருபின் ஏறும். செக்கப்புக்காக நீங்கள் முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்திருப்பீர்கள்.

பொட்டாசியம் 5.3-ஐ ஓரிரு நாளில் மறுபடி பார்த்துவிடுங்கள். ரத்த அணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. கையில் ரப்பர் பட்டையை நீண்ட நேரம் இறுக்கிக் கட்டினாலோ, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கினாலோ, சாம்பிள் மணிக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடந்தாலோ அது வெளியே கசிந்து எண்ணைக் கூட்டிவிடும். லேபுக்கே போய், முஷ்டியை மடக்காமல் கொடுங்கள். பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆனால் டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ இதே 5.3 வந்தால், டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். யாருடைய ரத்தம் என்பதைப் பொறுத்தே எண்ணின் பொருள் மாறுகிறது.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன். 5.2-க்கு இன்றே மாத்திரை ஆரம்பிக்கத் தேவையில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்து தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சேர்த்து மறுபடி பாருங்கள், முடிந்தால் தைராய்டைத் தாக்கும் டிபிஓ ஆன்டிபாடியும். ஃப்ரீ டி4 சரியாக இருந்து, டிஎஸ்ஹெச் 10-க்குக் கீழே இருந்து, தொந்தரவும் இல்லாவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் கவனித்துக்கொண்டு மட்டும் வருவார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் கணக்கு வேறு. இன்னொன்று, முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு, மூன்று நாள் நிறுத்திய பிறகு ரத்தம் கொடுங்கள்.

இப்போது அம்மா.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது இயல்பாகவே அதிகம், மெலிந்த வயதானவருக்குக் குறைவு. ரிப்போர்ட்டில் அச்சாகும் ரேஞ்சுக்கோ அம்மாவின் வயதும் தெரியாது, உடல்வாகும் தெரியாது. இன்று பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 25 வயது இளைஞனுக்கு கிரியாட்டினின் 1.1 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் வேகமான இ-ஜிஎஃப்ஆர் சுமார் 95 வருகிறது, அருமையான எண். 74 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 என்றால் சுமார் 53 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே எண், இரண்டு ஆட்கள், ரிப்போர்ட்டில் இருவருக்குமே சாதாரண எழுத்து. அச்சுத்தாள் அமைதியாக இருப்பதால் குடும்பமும் அமைதியாக இருந்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அம்மாவுக்கு நோய் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தின இரவு கறிக்குழம்பு சாப்பிட்டிருந்தாலும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். போன வருட ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே லேபில் கிரியாட்டினினை மறுபடி பார்க்கட்டும்.

ஹீமோகுளோபின் விஷயமும் அப்படித்தான். பெண்களுக்கு 12 என்பது எல்லை, 12.2 உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்தில் 13.8 எப்படி 12.2 ஆனது? ஒருவரின் ஹீமோகுளோபின் பொதுவாக அவருக்கென்று ஒரு மட்டத்தைச் சுற்றியேதான் நிற்கும். 1.6 இறங்கினால் காரணம் தேட வேண்டும். நீங்கள் எழுதியதில் ஒரு காரணம் கண்ணில் படுகிறது: மூட்டு வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை வயிற்றில் புண்ணாக்கி, வெளியே தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். அம்மாவின் இரண்டு எண்களுக்கும் அந்த ஒரு மாத்திரை காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு), மலத்தில் மறைந்த ரத்தம் ஆகியவற்றைப் பார்த்தால் விவரம் தெரியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று இன்றே கேளுங்கள். ஆமாம் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரையும் கொழுப்பும் இந்த 95 சதவீதக் கணக்கில் வராதவை. அவற்றின் எல்லைகள், எந்த அளவுக்கு மேல் உடம்பு கெடுகிறது என்று பார்த்து வகுத்தவை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 என்ற கோடுகள் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படத் தொடங்கும் அளவைப் பார்த்துப் போட்டவை. அங்கே ‘ஊரில் எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று ஆறுதல் அடைய முடியாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 95 என்பது சாதாரண எழுத்தில்தான் வரும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு 70-க்குக் கீழே, இயன்றால் 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதால் அவருக்கு 95 அதிகம். இன்னொரு பக்கம், ரத்தசோகை உள்ளவரின் ஹெச்பிஏ1சியை அப்படியே நம்பக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவில் அது உண்மையைவிட ஏறிக் காட்டலாம்.

லேபுக்கு லேப் ரேஞ்ச் மாறுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கருவியும் ரசாயனமும் வேறு என்றால் எல்லையும் வேறாகும், அவ்வளவுதான். அதனால் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே லேபில், ஒரே மாதிரி நேரத்தில் கொடுங்கள். அப்புறம், சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை அனுப்பும் ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 என்று இருந்தால் பயப்படவோ மகிழவோ வேண்டாம். அங்கே அலகு மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கில் 126 வரும்.

காத்திருக்கக் கூடாத எண்களும் உண்டு. பொட்டாசியம் 6-க்கு மேல், சோடியம் 125-க்குக் கீழே, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே, தட்டணு 20,000-க்குக் கீழே, சர்க்கரை 54-க்குக் கீழே என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இப்படிப்பட்ட எண் வந்தால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திராமல் போனில் சொல்வது நல்ல லேபின் கடமை. ஆகவே ரத்தம் கொடுக்கும்போது உடனே எடுக்கக்கூடிய போன் நம்பரைக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் நம்பரைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர்.

உங்கள் குடும்ப டாக்டரோ ஒரு பொதுநல மருத்துவரோ போதும், இப்போதைக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். அம்மாவின் இரண்டு வருட ரிப்போர்ட்டுகளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும், முக்கியமாக மெடிக்கலில் சொந்தமாக வாங்கியதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டரைப் பார்க்கும் வரை அந்த வலி மாத்திரையை நிறுத்திவையுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று அவரிடமே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.