டோக்கன் வாங்கிக்கொண்டு வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தால் பணம் திரும்பி வருமா?

கேள்வி: பாலக்கோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். பி.ஜி.யில் இருந்தவள், தோழியோடு சேர்ந்து தனி வீடு எடுக்கலாம் என்று ஒரு மாதமாக அலைந்தாள். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்களாம். கடைசியில் புரோக்கர் மூலம் ஒரு வீடு அமைந்தது. வாடகை 28,000, அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 2,80,000. "இப்போதே டோக்கன் போட்டால்தான், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்" என்றதால் நான் கடையில் இருந்தபடியே ஓனருக்கு 30,000, புரோக்கருக்கு 10,000 ஜிபே செய்தேன். "டோக்கன் வந்தது, முதல் தேதி குடிவரலாம், அதுவரை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று ஓனர் மகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். நாலு நாள் முன்னால் புரோக்கர் போன் செய்து, வேறு பார்ட்டி 32,000 தருகிறது, நீங்கள் 33,000 தந்தால் வீடு உங்களுக்கு, இல்லாவிட்டால் டோக்கன் திரும்ப வராது என்கிறார். இப்போது அந்தப் பார்ட்டி குடியே வந்துவிட்டது. பணத்தை வாங்க முடியுமா? வீட்டையே கேட்டு வழக்குப் போடலாமா? தர்மபுரியில் போடலாமா? மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே, பத்து மாதம் கேட்டது தப்பில்லையா?

பதில்: பணத்தை வாங்க முடியும். வீட்டை விட்டுவிடுங்கள்.

முதலில் கடைசிக் கேள்வி. நீங்கள் சொல்லும் மூன்று மாதக் கணக்கு தமிழ்நாட்டுச் சட்டம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஓசூரில் வீடு எடுத்தால் இதைக் காட்டிப் பேசலாம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் இந்தச் சட்டம் கூட வராது. கர்நாடகத்தின் 1999 வாடகைச் சட்டம், பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளைத் தொடுவதே இல்லை. இன்றைக்கு 3,500-க்கு அங்கே என்ன வீடு கிடைக்கும்? மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் இரண்டு மாதம்தான் வரம்பு என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டுப் பலர் என்னிடம் வருகிறார்கள். அது மாதிரிதான், ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக்கினால்தான் யாரையும் கட்டும். ஆகவே பத்து மாதம் கேட்டது அநியாயமாகத் தோன்றலாம், சட்டவிரோதம் என்று வாதாட முடியாது. உங்கள் மகளின் விவகாரம் முழுக்க 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலும்தான் நிற்கும்.

அந்தப் பழைய சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. எந்த வீடு, எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எந்தத் தேதியில் குடிவருவது, நாலும் பேசி முடிந்திருக்கிறது. பணம் போயிருக்கிறது, ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார். முத்திரைத்தாள் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று அவர் சொல்லலாம். சொல்லட்டும். ஒப்பந்தம் உண்டு என்றால் அதை மீறியவர் அவர், டோக்கனையும் திருப்பித் தந்து நஷ்டஈடும் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் உங்கள் 30,000 ரூபாயை எந்த உரிமையில் வைத்திருக்கிறார்? எந்தப் பக்கம் போனாலும் பணத்தை எடுத்து வைக்க வேண்டியவர் அவர்தான்.

"டோக்கன் திரும்ப வராது" என்பது புரோக்கர் பிறகு போனில் சொன்னது. பணம் கொடுத்த அன்று அப்படி யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும்கூட, வாக்குத் தவறியது ஓனர் என்னும்போது அந்த வரி அவருக்கு உதவாது. உங்கள் மகளே வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட முழுத்தொகையையும் விழுங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டும்தான் அனுமதிக்கிறது. இழப்பே இல்லாதவர் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது நில ஏலம் பற்றிய வழக்கு, ஆனால் தத்துவம் இதற்கும் பொருந்தும். இந்த ஓனருக்கு என்ன இழப்பு? பதினொரு மாதத்துக்கு மாதம் 4,000 கூடுதலாக, 44,000 ரூபாய் லாபம் பார்த்திருக்கிறார்.

இங்கே உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். புரோக்கர் 33,000 கேட்டபோது மகள் என்ன பதில் அனுப்பினாள்? "30,000 வரைக்கும் பார்க்கலாம்" என்கிற மாதிரி ஏதாவது பேரம் பேசியிருந்தால், பழைய வாடகையில் உறுதியான ஒப்பந்தம் இல்லை, பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் டோக்கன் திரும்ப வரும், நஷ்டஈட்டுக் கோரிக்கை மட்டும் பலவீனமாகும். பேரம் பேசவில்லை என்றால் நல்லது. இனிமேல் கோபத்தில் எதையும் டைப் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

வீட்டையே கேட்டு வழக்குப் போடலாமா என்றால், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பதினொரு மாத வாடகைக்காகப் போடும் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்தப் பதினொரு மாதம் ஓடிவிடும். வேறு குடித்தனமும் வந்துவிட்டது. வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்த முதல் தேதியிலிருந்து வேறு வீடு கிடைக்கும்வரை பி.ஜி.க்குக் கட்டிய தொகையில் கூடுதலானது, அதே வட்டாரத்தில் அதே மாதிரி வீட்டுக்கு அதிக வாடகை கொடுக்க நேர்ந்தால் அந்த வித்தியாசம், இவற்றை 73-ஆம் பிரிவில் கேளுங்கள். ரசீது உள்ளதை மட்டும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிட்டு ஃபைலை ஓரம் வைத்துவிடுவார்.

புரோக்கர் விஷயம் தனி. வீட்டை முடித்துக் கொடுத்தால்தான் தரகருக்குக் கூலி. வேறு மாதிரி பேசியிருந்தால் ஒழிய, வேலை முடியும்வரை கூலி கேட்க உரிமை இல்லை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு. வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு அந்த வேலைக்கான கூலியே கிடையாது என்கிறது அடுத்த பிரிவு. உங்களிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, உங்களுக்கு எதிராகவே ஏலம் விட்டவர் இவர். இதை முறைகேடு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

எங்கே போவது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புரோக்கர் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்தவர், அதனால் அவர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. பணம் கட்டிய நீங்கள் பாலக்கோட்டுக்காரர் என்பதால் தர்மபுரி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஓனரை அங்கே இழுப்பது கடினம். வெறும் வாடகை உறவு 'சேவை' ஆகாது என்று முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது.

ஓனர் மீது சிவில் வழக்கு என்றால், அவர் இருப்பது பெங்களூர், வீடு பெங்களூர், பேச்சு நடந்ததும் பெங்களூர். தர்மபுரியிலிருந்து பணம் அனுப்பியதை வைத்து இங்கே வழக்குப் போட முயலலாம்தான். ஆனால் 30,000 ரூபாய்க்காக, எந்த ஊர் கோர்ட் என்ற சண்டையிலேயே ஒரு வருடம் போவதை நான் விரும்ப மாட்டேன். அதைவிட, பெங்களூர் நகர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மகள் ஒரு மனு கொடுக்கட்டும். வழக்குக்கு முந்தைய சமரசம் என்று இதற்குப் பெயர். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஓனருக்கு அங்கிருந்தே நோட்டீஸ் போகும். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஓனர் வராமலே இருந்துவிட்டால் அவரை வற்புறுத்த முடியாது என்பது இதில் உள்ள குறை. ஆனால் உள்ளூரில், கோர்ட் வளாகத்திலிருந்து கடிதம் வந்தால் பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள். 15100 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் மிரண்டு போய்க் கொடுத்துவிடுவார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் மோசடி ஆகும். அதிக வாடகை வந்ததும் வாக்கு மாறியது ஒப்பந்த மீறல், அவ்வளவுதான். ஒரே வீட்டுக்கு நாலைந்து பேரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறார், அல்லது அவர் ஓனரே இல்லை என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

எது செய்வதற்கும் முன்னால் நோட்டீஸ். பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கிறது, பேச்சு மகளோடு நடந்திருக்கிறது. ஒருவர் மட்டும் கேட்டால் "இவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்" என்பார்கள், இருவர் பெயரிலும் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். தவறினால் நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டியும் கேட்போம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, எழுத்தில் கேட்ட தேதியிலிருந்துதான் நீதிமன்றம் வட்டி போட முடியும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள். நோட்டீஸ் பார்த்து ஓனர் 20,000 மட்டும் போட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். "பகுதித் தொகை வந்தது, பாக்கிக்கான உரிமையை விடவில்லை" என்று உடனே பதில் போடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் வழக்கின் உயிர். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் போன் யார் கையில் இருக்கிறதோ அவரும், இன்னொன்றை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். எனவே மகள் அந்தப் போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடக் கூடாது. உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து மெயிலிலும் போட்டு வைக்கட்டும். பணம் போனதற்கு ஜிபே பக்கத்தை நம்பாமல் வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்.

அடுத்த வீட்டுக்கும் இதே தள்ளுமுள்ளுதான் இருக்கும். வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது முத்திரைத்தாள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஜிபே பட்டனை அழுத்துமுன் ஒரு மெசேஜ் அனுப்ப முடியும்: "இந்த முகவரி வீட்டுக்கு டோக்கன் 10,000 அனுப்புகிறேன். வாடகை இவ்வளவு, மெயின்டெனன்ஸ் சேர்த்து. அட்வான்ஸ் இவ்வளவு. இந்தத் தேதி குடிவருகிறோம். நீங்கள் மறுத்தால் மூன்று நாளில் முழுத்தொகையும் திருப்ப வேண்டும், நாங்கள் மறுத்தால் 2,000 கழித்துக்கொள்ளலாம். சரியா?" ஓனரிடமிருந்து ஒரு 'ஓகே' வந்த பிறகு பணம் போகட்டும். அந்த 'ஓகே' வர யோசிக்கிற ஆளிடம் இரண்டு லட்சத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்க எனக்கு மனம் வராது.

அட்வான்ஸ் தொகையை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள், அக்ரிமென்ட்டில் அந்தத் தொகை இருக்கட்டும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பது பெங்களூரில் பழகிப்போன வழக்கம், அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுவார்கள். எழுதாவிட்டால், சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பது சொத்து மாற்றுச் சட்டம். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், இரண்டு பெண்கள் எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனதற்கு முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை என்று பேசலாம். சாவி ஒப்படைக்கும் அன்றே அட்வான்ஸ் திரும்பும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

புரோக்கர் யாராவது "வாடகையே வேண்டாம், பத்துப் பதினைந்து லட்சம் லீஸுக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொன்னால், நம்ம ஊர் போக்கியம் மாதிரிதானே என்று தலையாட்டிவிடாதீர்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் போய், வங்கி கைப்பற்ற வந்தால் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்காது. வில்லங்கம் பார்க்காமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம்தான். அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே நோட்டீஸ் போகட்டும். ஓனர் வேறு ஊரில் இருந்து அவர் முகவரி தெரியவில்லை என்றால், வீட்டு முகவரிக்கே ஓனர் பெயர் போட்டு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, ஸ்கேன் செய்து இருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒன்று என்று அனுப்புங்கள்.