ஆட்சி மாறினால் எண்ணெய் ஒப்பந்தமும் மாறுமா?

மதுரை வாசகர்களின் கேள்விகளுக்கு எண்ணெய் ஒப்பந்தங்களைக் கவனித்துவரும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

மேலூர் வாசகர்: அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்தார்களே சார், எண்ணெய் ஒப்பந்தத்தையும் புது அரசு அப்படிச் செய்ய முடியாதா?

அது வேறு கட்டம் தம்பி. 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. சுரங்கக் குத்தகை கைக்குப் போகவில்லை, யாரும் குழி தோண்டவும் இல்லை. மக்கள் சரியான நேரத்தில் திரண்டார்கள். கிணறு தோண்டிய பிறகு என்றால் விஷயம், அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மன்றத்துக்குப் போகும். 2007இல் வெனிசுலா, தன் ஓரினோகோ பகுதி எண்ணெய்த் திட்டங்களில் தன் அரசு நிறுவனத்துக்குக் குறைந்தது 60 சதவீதப் பங்கு கேட்டது. அமெரிக்க எண்ணெய் கம்பெனி கோனகோபிலிப்ஸ் மறுத்து வெளியேறி வழக்குப் போட்டது. 2019இல் வந்த தீர்ப்பு, வெனிசுலா 870 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்பது.

சிம்மக்கல் வாசகர்: அப்போ கம்பெனி வைத்ததுதான் சட்டமா?

இல்லவே இல்லை. பணம் இறக்கும்வரை கம்பெனியின் கை ஓங்கியிருக்கும். இறக்கிய பிறகு கிணற்றைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாதே! 1969இல் லிபியாவில் கடாபி ஆட்சிக்கு வந்தார். பெரிய கம்பெனிகள் விலையில் அசையவில்லை. லிபிய எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்த ஆக்ஸிடென்டல் என்ற கம்பெனியைக் குறிவைத்து, உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். 1970 செப்டம்பரில் பீப்பாய்க்கு 30 சென்ட் கூட்ட அது ஒப்புக்கொண்டது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: கெடு வைத்தால் வேலைக்காகுமா?

பொலிவியாவில் ஆனது. 2006 மே 1 அன்று அதிபர் மொராலெஸ், புது ஒப்பந்தம் போட கம்பெனிகளுக்கு 180 நாள் கெடு வைத்தார், அக்டோபர் கடைசியில் அவை கையெழுத்துப் போட்டன.

திருமங்கலம், சட்ட மாணவி: தென் அமெரிக்க நாடான கயானாவில் 2020இல் ஆட்சி மாறியும் எக்ஸான் ஒப்பந்தம் ஏன் மாறவில்லை, சார்?

நல்ல கேள்வி அம்மா. 2016 ஒப்பந்தத்தில் உரிமத்தொகை, அதாவது எடுக்கும் எண்ணெய்க்காக முதலிலேயே நாட்டுக்குத் தரும் பங்கு, 2 சதவீதம்தான். வருமானத்தில் 75 சதவீதம் வரை கம்பெனி செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் பாதிக்குப் பாதி. அப்படி முழுதாக எடுத்தால் 100 ரூபாய்க்கு நாட்டுக்குக் கிடைப்பது பதினாலரை ரூபாய். கம்பெனியின் வருமான வரியைக்கூட அரசே தன் பங்கிலிருந்து கட்டுகிறது, இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். கம்பெனி சம்மதிக்காமல் எதையும் மாற்ற முடியாதபடி ஒரு பிரிவும் உண்டு. அதனால் புது அரசு பழையதைத் தொடாமல், இனி போடும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் உரிமத்தொகையை 10 சதவீதமாக உயர்த்தியது. வாக்குக் கேட்கும்போது பேசியதற்கு இது போதாது என்பேன்.

அதே மாணவி: அப்படியானால் புது அரசு முதலில் எதைத் தொட வேண்டும்?

செலவுக் கணக்கை. பங்கு விகிதத்தை மாற்றக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். தணிக்கை உரிமையோ ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கயானாவில் 167 கோடி டாலர் செலவைத் தணிக்கை செய்தபோது 21.4 கோடி டாலருக்குக் கேள்வி எழுந்தது. ஆனால் தணிக்கைக்குக் காலக்கெடு உண்டு. அங்கே இரண்டு ஆண்டு. பதவியேற்ற வாரமே ஆட்களை அனுப்ப வேண்டும்.