‘எஸ்டேட் பையன்’ என்றால் ஏன் தலை குனிய வேண்டும்? தம்பிகளின் கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் இளைஞர்களிடம், தங்களைப் பற்றி மனதில் உறுத்துவதைப் பெயர் போடாமல் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இடைநிலைப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆலோசக ஆசிரியராக இருந்தவன் நான். நிறைய தாள்கள் வந்தன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், எனக்கு 21 வயது. செம்பனைக் குலை வெட்டுகிறேன். பட்டணத்துக்குப் போனால் ‘எஸ்டேட் பையன்’ என்கிறார்கள். கேட்டதும் கூனிக் குறுகிப் போகிறேன்.

தம்பி, உன் தாத்தா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர் என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பார். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நிரையில் இறங்க வேண்டும். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் சரியாக வராது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரம். இப்படிப்பட்ட கைத்தொழில்காரருக்குப் பேரனாகப் பிறந்ததில் என்ன குறைச்சல்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிய காலத்தில், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ஏராளமான குடும்பங்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்). கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்தப் பத்துப் பத்து வெள்ளியை ஒன்றுசேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். உன் தாத்தாவும் பங்கு கட்டினாரா என்று வீட்டில் கேள். பழைய பெட்டியில் பங்குச் சான்றிதழ் கிடந்தாலும் கிடக்கும்.

அடுத்த முறை பட்டணத்தில் யாராவது கேட்பதற்கு முன்னால் நீயே சொல்: “நான் தோட்டத்துக்காரன், செம்பனை வெட்டுகிறேன்.” முதல் தடவை நாக்கு ஒட்டும். நாலாவது தடவை சாதாரணமாக வரும்.

தினமும் கண்ணாடி முன்னால் ‘நான் சிறந்தவன், நான் வெற்றியாளன்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். மூன்று மாதமாகச் சொல்கிறேன். ஒன்றும் மாறவில்லை. (19 வயது)

மாறாததில் உன் தவறு எதுவும் இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்து 2009-இல் எழுதினார்கள். ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. வாய் ஒன்று சொல்லும்போது உள்ளே இருக்கும் குரல் “பொய்” என்று மறுத்துக்கொண்டே இருக்கும் அல்லவா?

மனத்துக்குச் சாட்சி வேண்டும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இலேயே இதை விளக்கினார். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான். அடுத்த ஊற்று, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. அடுத்தவர் தரும் ஊக்க வார்த்தை அதற்கும் பிறகுதான் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சிறிய வேலையை எடுத்துக்கொள். மோட்டாருக்கு நீயே எண்ணெய் மாற்றுவது, வாரம் மூன்று நாள் திடலைச் சுற்றி ஓடுவது, தங்கைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, எதுவானாலும் சரி. செய்து முடித்ததை நாட்காட்டியில் குறித்து வை. எனக்குத் தெரிந்த பையன்களில் நிமிர்ந்து நடந்தவர்கள் எல்லாரும் இப்படி ஏதோ ஒன்றில் தொடங்கியவர்கள்தான்.

கல்யாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ போனால் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், சங்கடமான படம் போட்ட சட்டையை மாட்டிவிட்டு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருப்பவர்களில் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள். கல்யாண வீட்டில் அவரவர் கவலை அவரவருக்கு. பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய் நில். கைக்கு வேலை வந்தால் கூச்சம் பாதி குறையும்.

கறுப்பாக இருக்கிறேன். கிரீம் வாங்கிப் பூசுகிறேன். சீக்கிரம் வெளுக்கிறது. தொடரலாமா?

உடனே நிறுத்து. சீக்கிரம் வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், உடம்பில் ஊறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் விற்கும் அழகுப் பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். டப்பாவில் அது இல்லையென்றால் கையிலேயே எடுக்காதே. ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால், டப்பாவோடு கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் காட்டு. இந்த வெயிலில் உன் தோலைக் காப்பதே அந்தக் கறுப்பு நிறம்தான், தம்பி.

எஸ்.பி.எம். தேர்வில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வரலாறு தேறவில்லை. அப்பா சொந்தக்காரர்கள் முன்னால் ‘எதுக்கும் லாயக்கில்லாதவன்’ என்கிறார்.

இந்தத் தாளைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் மரம் வெட்டியவர். அதே வார்த்தையைச் சொன்னவர். நானும் உளியைத் தூக்கிவிடுவேனோ என்ற பயம்தான் அவர் வாயில் அப்படி வந்தது என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. புரிந்ததால் அந்த வார்த்தை சரியென்று ஆகிவிடாது. அப்போது வலித்தது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார். ‘வரலாறு தேறவில்லை’ என்பது நடந்த விஷயம். ‘லாயக்கில்லாதவன்’ என்பது அப்பா அதன்மேல் ஒட்டிய சீட்டு. முதலாவதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. 2013 முதல் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடம். அதற்கு மறுதேர்வு எழுதலாம். கைத்தொழிலில் விருப்பம் இருந்தால் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது, மூன்று நிலைகள். முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி தேவையில்லை. வயரிங், வெல்டிங், ஏர்கோன் என்று உனக்குப் பிடித்ததைப் பார்.

அப்பாவிடமும் பேசு. அவர் பசியாறி முடித்து, அமைதியாக இருக்கும் நேரத்தில் சொல்: “அப்பா, வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். சபையில் வேண்டாம்.” ஒரே தடவையில் மாறிவிட மாட்டார். ஆனாலும் நீ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும்.

ஒரு கும்பலில் சேர்ந்தால் ஊரில் மரியாதை கிடைக்கிறது. தனியாக இருந்தால் யாரும் மதிப்பதில்லை.

அது உன்மேல் வைத்த மரியாதை இல்லை, அந்தக் கும்பலுக்குப் பெயராக இருக்கும் எண்ணின் மேல் உள்ள பயம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றில் உறுப்பினராக இருப்பதே குற்றம். கூட்டாளிகள் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. காற்பந்துக் குழுவிலோ உறுமி மேளக் குழுவிலோ சேர். அங்கே உன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதை எழுதிய தம்பி, யாரிடமாவது சொல்ல நினைத்தாயே, அதுவே பெரிய காரியம். இன்றைக்கே பேசு. 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் ஆலோசகர்கள் பேசுவார்கள். அங்கே கிடைக்காவிட்டால், நள்ளிரவு தாண்டினாலும், பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-76272929. போலீஸ் வந்துவிடுமோ என்று பயப்படாதே. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். இப்போதே ஏதாவது செய்துவிடுவேன் போலிருக்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, 999-க்கு அடி. தனியாக மட்டும் இருக்காதே.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. மலாயில் பேச வாய் வராது, கை நடுங்கும்.

உன்னைப் பற்றி ஐந்தே வாக்கியம் மலாயில் எழுது. பெயர், ஊர், செய்த வேலை, தெரிந்த தொழில், எப்போது வேலையில் சேர முடியும். சத்தமாக இருபது தடவை சொல்லிப் பார். கை நடுங்கினால் ஃபைலை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொள், மூச்சை மெதுவாக விடு. கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்லலாம், தப்பில்லை. வியாழக்கிழமை மாலை கோயில் மண்டபத்துக்கு வா. நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். வெள்ளிக்கிழமை போடப்போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வா.