கோடையும் குழந்தைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, கத்திரி வெயிலும் நெருங்கும் இந்த நாட்களில் வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை சிறு குழந்தைகளைக் கோடையில் எப்படிச் சமாளிப்பது என்பதையே கேட்கின்றன. அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதங்கள் ஆகின்றன, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். "இந்த வெயிலில் பச்சைப் பிள்ளைக்கு நாக்கு வறண்டு போகாதா? ஒரு சங்கு வெந்நீராவது கொடு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். டாக்டர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (ஒரு வாசகி, வேலூர்)

டாக்டர் சொல்வதையே கேளுங்கள். ஆனால் மாமியாரின் கவலையை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வேலூர் வெயிலில் குழந்தைக்கு நீர் தேவை என்று அவர் நினைப்பது சரிதான். அந்த நீர் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் நீங்கள் இருவரும் வேறுபடுகிறீர்கள்.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான் இருக்கிறது. குழந்தை குடிக்கத் தொடங்கும்போது முதலில் வரும் பால் இன்னும் நீர்த்ததாக இருப்பதால், தாகம் எடுத்த குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தன் தாகத்தைத் தானே தீர்த்துக்கொள்கிறது. கோடையில் குழந்தை வழக்கத்தைவிட அதிக முறை பால் கேட்பதற்குக் காரணம் இதுதான். "பால் பற்றவில்லை" என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வெப்ப நாடுகளையும் சேர்த்துத்தான்.

கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சிறிய வயிற்றில் தண்ணீர் இடத்தை அடைத்துக்கொண்டால் குழந்தை அந்த அளவுக்குப் பால் குறைவாகக் குடிக்கும். குழந்தை குறைவாகக் குடித்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். சங்கும் பாலாடையும் சரியாகக் கொதிக்க வைக்கப்படாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பச்சிளம் குழந்தையின் சிறுநீரகத்தால் அதிகப்படியான தண்ணீரை விரைவாக வெளியேற்ற முடியாது என்பதால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெயிலை எண்ணிப் பாலை நீர்த்துக் கலக்கிக் கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மாமியாரிடம் விவாதிப்பதைவிட ஈரத்துணிகளை எண்ணிக் காட்டுவது எளிது. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ குழந்தை சிறுநீர் கழித்து, அது வெளிறிய நிறத்தில் இருந்தால் நீர் போதுமான அளவு போகிறது என்று பொருள். எண்ணிக்கை குறைந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் செல்லுங்கள். அந்தச் சங்குத் தண்ணீரைக் கொடுக்க வேண்டியது உங்களுக்குத்தான். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு சொம்பு தண்ணீரையோ நீர்மோரையோ உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பை மாமியாரிடமே கேட்டு ஒப்படையுங்கள். அவருடைய அக்கறைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

கேள்வி: எனக்கு ஏழு வயதில் மகனும் நான்கு வயதில் மகளும் இருக்கிறார்கள். ஜவுளி நிறுவனத்திலிருந்து துணி வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். விடுமுறை விட்டதிலிருந்து காலை முதல் இரவு வரை இரண்டும் சண்டை, இல்லாவிட்டால் கைபேசி. கோடைப் பயிற்சி முகாமில் சேர்த்துவிடலாமா? (ஒரு வாசகி, கரூர்)

சண்டை எந்த நேரத்தில் வருகிறது என்பதை இரண்டு மூன்று நாட்கள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது காலை பதினொரு மணிக்கு மேல் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில்தான் அறை கொதிக்கிறது. வெளியே போகவும் முடியாது. அம்மாவும் தையல் இயந்திரத்தை விட்டு எழ முடியாத நிலையில் இருப்பார். புழுக்கம், பசி, தூக்கம் மூன்றும் சேர்ந்து வரும் அந்த எரிச்சலைப் பிள்ளைகளின் குணக்கேடு என்று நினைத்துத் திட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து. பள்ளி நாட்களின் கடிகாரத்தையே விடுமுறையிலும் வைத்துக்கொண்டு, வெளியே ஓட வேண்டிய காலை நேரத்தில் பிள்ளைகளைத் தூங்கவிட்டு, தூங்க வேண்டிய மதியத்தில் "போய் விளையாடு" என்று சொல்கிறோம்.

ஆகவே நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், மாலை ஐந்துக்கு மேலும் அவர்கள் வெளியே இருக்கட்டும்; தெருவோ, பக்கத்து மைதானமோ, மொட்டை மாடியோ எதுவானாலும் சரி, உடல் களைக்க வேண்டும். கூழ் வடகம் பிழிவதற்கும் இந்தக் காலை நேரமே ஏற்றது. நான்கு வயதுப் பெண்ணால் வடகம் பிழிய முடியாவிட்டாலும் காக்கை ஓட்ட முடியும்; அந்த வேலையில் இருக்கும் பெருமையை நீங்கள் விலை கொடுத்து எந்தப் பொம்மையிலும் வாங்க முடியாது.

மதிய உணவை பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டு, ஒரு அறையை இருட்டாக்கிப் பாயை விரித்து, சின்னவளைத் தூங்க வையுங்கள். பெரியவன் தூங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். படுத்துக்கொண்டே படம் பார்த்துப் புத்தகம் புரட்டலாம், வரையலாம், ஆனால் தங்கை எழும் வரை சத்தம் கூடாது என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். உங்கள் தையலில் கணக்குப் பார்க்க வேண்டிய, கவனம் தேவைப்படும் வேலைகளை இந்த நேரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, பிள்ளைகள் விழித்திருக்கும்போது நூல் வெட்டுவது, மடித்து அடுக்குவது போன்றவற்றைச் செய்தால் உங்களுக்கும் கோபம் குறையும்.

வீட்டைக் குளிர வைப்பதிலும் சிறிது கவனம் வேண்டும். கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைச் சேமித்து வைத்து, இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. இரவு பதினோரு மணி வரை பிள்ளைகள் புரண்டுகொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். வெளிக்காற்று சூடாவதற்கு முன்பே சன்னல்களை மூடித் திரையிட்டு, பொழுது சாய்ந்த பின் திறந்து விடுங்கள். கரூர்க் காற்று வறண்டது என்பதால், சன்னலில் நனைத்த வேட்டியைத் தொங்கவிடும் பழைய வழக்கம் உங்கள் ஊரில் நன்றாகவே பலன் தரும்.

கைபேசியைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்க வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. பெரியவன் ஐந்து மணி நேரம் பார்த்தால் சின்னவளை ஒரு மணி நேரத்தில் நிறுத்த முடியாது. எனவே இருவருக்கும் ஒரே நேரம், ஒரே திரை என்று வையுங்கள். கைபேசியைவிடத் தொலைக்காட்சி மேல், ஏனெனில் அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது தைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தெரியும். சாப்பாட்டின்போதும் தூங்கப் போகும் முன்பும் திரை கூடவே கூடாது. பல்லாங்குழி இருந்தால் எடுத்துக் கொடுங்கள். பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டையைப் போட்டு ஆடும்போது ஏழு வயதுப் பையனுக்குக் கணக்கும் வரும், பொறுமையும் வரும். சின்னவள் காயை விழுங்கிவிடவோ மூக்கில் போட்டுக்கொள்ளவோ கூடும் என்பதால் ஒரு கண் வைத்திருங்கள்.

முகாம் பற்றிக் கேட்டீர்கள். சின்னவளுக்குத் தேவையில்லை. பெரியவனுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சேருங்கள். நிழல் இருக்கிறதா, குடிநீரும் கழிப்பறையும் உண்டா, பத்து மணிக்குள் வெளி விளையாட்டு முடிந்துவிடுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கொட்டகையில் கராத்தே கற்பிக்கும் முகாமைவிட உங்கள் வீட்டுச் சண்டையே மேல்.

கேள்வி: இரண்டு வயது மகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு. எவ்வளவு பவுடர் போட்டும் குறையவில்லை. (ஒரு வாசகர், சென்னை)

பவுடரை நிறுத்துங்கள். வியர்வை நாளங்கள் அடைபடுவதால்தான் வியர்க்குரு வருகிறது. மேலே பவுடரை அப்பினால் அது வியர்வையோடு குழைந்து மடிப்புகளில் தங்கும், பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்கும் போகும். காலையும் மாலையும் வெறும் தண்ணீரில் குளிக்க வைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். வீட்டுக்குள் சட்டையே இல்லாமல் விட்டாலும் தவறில்லை. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஏர்கூலர் புழுக்கத்தைக் கூட்டவே செய்யும். ஏ.சி. இருந்தால் 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து, காற்று குழந்தை மீது நேராகப் படாமல் திருப்பிவிடுங்கள். கொப்புளங்களில் சீழ் கோத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: வெயிலில் அலைந்துவிட்டு வந்த மூன்று வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிட்ட பழச்சாறு அட்டைப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். போக்கு அதிகமானதுபோல் தோன்றியது. ஏன்? (ஒரு வாசகி, மதுரை)

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் சர்க்கரைப் பானமாகவே இருந்திருக்கும். குடல் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும்போது அவற்றோடு தண்ணீரும் உடலுக்குள் போகிறது, ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும் முறை இதுதான். அதனால் அளவு மிக முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், சாதாரண உப்பு 2.6 கிராம், இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். சர்க்கரை இந்த அளவை வெகுவாகத் தாண்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், இந்தச் சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்களின் பெயரிலோ லேபிளிலோ ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

மருந்துக் கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தூள் பாக்கெட்டாக வாங்கி, உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு தம்ளரில் உத்தேசமாகக் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அது தவறு. உங்கள் மகனின் வயதுக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 100 முதல் 200 மில்லி வரை, தேக்கரண்டியாலோ தம்ளரிலிருந்து சிறிது சிறிதாகவோ கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் கூடவே போகட்டும். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தால், போக்கு நின்றாலும் அவர் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். கண்கள் குழி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எட்டு வயதும் ஐந்து வயதும் ஆன பிள்ளைகளை ஜூன் பாதி வரை தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள என் அப்பா வீட்டில் விடலாம் என்று நினைக்கிறோம். "ஆற்றிலும் பம்புசெட்டிலும் விழுந்து கிடக்கட்டும்" என்கிறார் அப்பா. மனைவிக்குப் பயம். (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

அனுப்புங்கள், தாத்தா வீட்டில் கழியும் ஒரு மாதத்துக்கு ஈடாக நகரத்தில் எதுவும் கிடைக்காது. ஆனால் உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மே மாதத்தில் ஆறு வறண்டு கிடந்தாலும், மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. ஜூன் 12 மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள். திறந்த சில நாட்களில் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். உங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது அறிந்த படித்துறை இப்போதும் அதே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பம்புசெட்டுத் தொட்டி ஆற்றைவிட நல்லது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு தண்ணீரும் போதும், சத்தமில்லாமல் மூழ்கிவிடும். நீரில் இருக்கும் நேரம் முழுவதும் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் கைபேசி இல்லாமல், நிற்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைச் சின்னக் குழந்தைக்குக் காவலாக விடுவதைத் தாத்தா ஒப்புக்கொள்ளக் கூடாது. இதை மனைவி மாமனாரிடம் சொன்னால் மனத்தாங்கலாகலாம். மகனாகிய நீங்களே, பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் நாளில் அப்பாவோடு ஆற்றங்கரைக்கு நடந்துபோய், எந்த இடம் கூடும், எது கூடாது என்று காட்டிக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கிணற்றுக்கு மேல்மூடி இல்லையென்றால் அன்றைக்கே கம்பி வலை அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.