அந்தக் குடும்பம் ஏன் இன்னும் பேசுவதில்லை?

கேள்வி: 2020இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொரோனா வந்தபோது, மாநகராட்சியிலிருந்து வந்து வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்குப் பால் போடக் கூடாது என்று நாங்கள் தடுத்தோம். குணமான பிறகும் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. இன்றுவரை அவர்கள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உயிர்ப் பயத்தில் நடந்ததை இவ்வளவு காலம் மனத்தில் வைத்திருப்பது நியாயமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தடுப்பூசி இல்லாத, மருத்துவமனையில் படுக்கை கிடைக்குமா என்று தெரியாத அந்த நாட்களில் நீங்கள் பயந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்திருந்தாலே அந்தப் பயத்துக்கு வேண்டிய இடைவெளி கிடைத்திருக்கும். பாலையே நிறுத்தியதும், குணமானவர்களுக்குக் குழாயை மறுத்ததும், நோயாளியைக் குற்றவாளியாக்கித் தண்டித்த செயல்கள்தாம்.

உங்கள் தெரு மட்டும் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பது உண்மையே. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் சென்னையில் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு கிளம்பவே உடலை வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கும் ஒரு கூட்டம் திரண்டு கல்லாலும் கட்டையாலும் தாக்கியதில் ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்கள் காயமடைந்தார்கள், மனைவியும் மகனும் அடக்கத்தைக் காணாமலே போக நேர்ந்தது. இரவோடு இரவாகப் போலீஸ் துணையுடன் திரும்பி வந்த சக மருத்துவர் பிரதீப் குமார், தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். எத்தனையோ உயிர்களைக் காத்த ஒருவருக்கே அந்தக் கதி என்றால், சாதாரணக் குடும்பங்கள் பட்டதைச் சொல்லவும் வேண்டுமா! ஒரு வாரத்துக்குள், இப்படி அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

பயத்தோடு ‘யார் கொண்டு வந்தது?’ என்ற கேள்வி சேரும்போது, எதிர்த்துப் பேச இயலாதவர்கள் மேல்தான் பழி போய் விழுகிறது. டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பின் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தொற்று என்றதும், அதில் சம்பந்தமே இல்லாத இஸ்லாமியர்களும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். மே மாதம் தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, கடலூர், விழுப்புரம், அரியலூர்ப் பக்கம் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சொந்த ஊரே நோயைச் சுமந்து வந்தவர்களாகப் பார்த்தது. ஊரடங்கிலும் சென்னைக்குக் காய்கறி கிடைக்க மூட்டை தூக்கியவர்கள் அவர்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எனவே, அந்தக் குடும்பத்தின் மௌனம் நியாயமா என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை, சகோதரி. தெருவில் இரண்டொருவரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ‘அப்போது எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்’ என்று ஆரம்பிக்காமல், பாலை நிறுத்தியதையும் குழாயடியில் தடுத்ததையும் வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். உடனே அவர்கள் இறங்கி வராவிட்டால் வருந்தாதீர்கள். அது அவர்கள் உரிமை. அன்று அந்த வீட்டில் குழந்தைகள் இருந்திருந்தால், இன்று விவரம் தெரிந்தவர்களாகியிருப்பார்கள்; அவர்களிடமும் தனியே சொல்லுங்கள்.